இக்போ மர முகமூடிகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களின் மர முகமூடிகளைப் பற்றி எழுதுவோர் செய்யும் பெரும் பிழை, அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் முகத்தையே முழுக் கலையாகக் கொள்வதாகும். ம்மன்வு எனப்படும் இந்த வேடத்தில் உடலை மறைக்கும் உடை, மேளமும் குழலும், மாற்றிப் பேசும் குரல், கூடி நிற்கும் ஊர் ஆகிய அனைத்தும் அடங்கும். களத்துக்கு வருவது மனிதரல்ல, ஆவி என்றே கொள்ளப்படுவதால், உள்ளே ஆடுபவரை அறிந்தவர்கள்கூட அவர் பெயரை வெளிப்படையாகச் சொல்வதில்லை.

கன்னி ஆவியைக் குறிக்கும் அக்போகோ ம்முவோ முகமூடிகளைப் பற்றித்தான் மிகுதியான தவறுகள் எழுதப்படுகின்றன. வெண்களிமண் பூசிய அந்த முகத்தைக் கண்டு ஐரோப்பியப் பெண்ணின் சாயல் என்று முடிவுகட்டுவது முற்றிலும் பொருந்தாது. அந்த வெண்மை ஆவியுலகத்துக்கும் தூய்மைக்கும் உரியது. ஒடுங்கிய மூக்கும், சிறிய வாயும், கன்னத்துக் கோடுகளும், உச்சியில் சீப்புப் போல உயர்ந்து துளைவேலைப்பாட்டுடன் நிற்கும் கொண்டையும் இளம்பெண்ணின் அழகைப் பற்றி அம்மக்கள் கொண்ட இலக்கணத்தைக் காட்டுகின்றன. உடலை ஒட்டித் தைத்த பல வண்ணத் துணி உடையில் அதை ஆடுபவர் பெண்ணல்ல, ஆண். காபோன் நாட்டுப் புனு மக்களின் முகமூடியும் வெள்ளை நிறமே என்பதால் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். ஆனால் புனு முகமூடிகள் பலவற்றின் நெற்றியில் சாய்சதுர வடிவத் தழும்புக் கூட்டம் புடைத்து நிற்கும்.

கொம்பும் பெரிய பற்களும் கொண்ட கருநிற ம்க்பெடிகேயைப் பேய் என்று எழுதுவதும் தவறு. அது ஆண்மையின் வலிமையையும் துணிவையும் காட்டும் வேடம். யுனெஸ்கோ 2009-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த இஜெலே என்னும் இக்போ வேடத்தைச் செதுக்கிய முகமூடி என்பதும் சரியன்று. சுமார் 4 மீட்டர் உயரமுள்ள அது, மூங்கில் சட்டத்தின்மேல் துணியால் எழுப்பப்படுவது.

முகமூடி ஊரைவிட்டு வெளியேறிய வரலாற்றை விட்டுவிடுவதை மன்னிக்கவே இயலாது என்று கருதுகிறேன். நைஜீரியாவிலிருந்து பியாஃப்ரா என்ற பெயரில் தென்கிழக்குப் பகுதி பிரிய முயன்றதால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின்போது இக்போ நிலத்திலிருந்து ஏராளமான கலைப்பொருள்கள் வெளிநாடுகளுக்குச் சென்றன. ஆகவே ஒரு முகமூடியின் படத்துக்குக் குறிப்பு எழுதுவோர், மரத்தையும் நிறத்தையும் சொல்வதோடு நிறுத்தாமல், அது எந்த ஊருக்குரியது, எந்த ஆண்டில், யார் கை வழியாக வெளியேறியது என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.