குருவித் தட்டில் அணில் ஏறாமல் இருக்க

கடையில் "அணில் புகாத தீனித்தட்டு" என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கச் சாம்பல் அணிலைக் கணக்கில் வைத்துச் செய்தவை. அது ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். நம் வீட்டு மூவரி அணில் 100 கிராம் சொச்சம்தான். எடை ஏறினால் தானாக வாய் மூடிக்கொள்ளும் தட்டுக்கு நம் அணிலும் மைனாவும் ஒன்றுதான். இரண்டின் எடையும் கிட்டத்தட்ட சமம். ஸ்பிரிங்கை இளக்கினால் மைனாவும் புறாவும் பட்டினி, இறுக்கினால் அணிலுக்கு விருந்து. ஒன்றரை இன்ச் கண்ணி போட்ட கூண்டுத் தட்டும் அதே கதைதான். சிட்டுக்குருவி நுழைகிற இடைவெளியில் நம் அணிலும் உடம்பை ஒடுக்கிப் புகுந்துவிடும். அதனால் தட்டுக்குச் செலவு செய்வதைவிட, தட்டுக்குப் போகிற வழியை அடைப்பதே புத்திசாலித்தனம்.

இடம்

முதலில் கொல்லையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தட்டு வைக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 8 அடிக்குள் காம்பவுண்டு சுவர், துணிக்கொடி, டிஷ் ஒயர், முருங்கைக் கிளை எதுவும் இருக்கக் கூடாது. நேர் மேலே 10 அடிக்குள் கிளை நீளக் கூடாது. ஏறுவதைவிடக் குதித்து இறங்குவது அணிலுக்குச் சுலபம் என்பதால் மேல்பக்கம்தான் அதிகக் கவனம் வேண்டும்.

ராமநாதபுரம் கரையில் பலர் கவனிக்காமல் விடுவது பனையின் காவோலை. பச்சை மட்டை எட்டத்தில் இருக்கும். காய்ந்து தொங்குகிற ஓலை தரையை நோக்கி இறங்கி, அணிலுக்கு ஏணியாகிவிடும். கச்சான் என்னும் மேற்குக் காற்றில் அது ஆடும்போது தட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் இரண்டு மூன்று அடி குறையும். காற்றில்லாத நேரத்தில் அளந்துவிட்டு "எட்டாது" என்று முடிவு செய்யாதீர்கள்.

கம்பமும் குழாயும்

வேண்டியவை: 1 இன்ச் ஜிஐ பைப் 8 அடி, 160 எம்எம் பிவிசி பைப் 2 அடி, அதற்கு ஒரு எண்ட் கேப், ஒரு ஹோஸ் கிளாம்ப், பழைய சைக்கிள் டியூப் ஒரு முழம், அரை மூட்டை சிமென்ட்.

மணல் தரையில் பைப்பைச் சும்மா அடித்து நட்டால் ஆடிக் காற்றுக்கு முன்பே சாய்ந்துவிடும். ஓரடிக்கு ஓரடி அகலத்தில் 2 அடி ஆழம் தோண்டி, சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் கான்கிரீட் போட்டு நடுங்கள். கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போட வேண்டாம். அதிலுள்ள உப்பு பைப்பை உள்ளிருந்தே அரித்துவிடும். எம்சாண்ட் போதும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் 2 இன்ச் உயர்த்தி, சுற்றிலும் சரிவாகப் பூசிவிடுங்கள். பைப் துரு பிடிக்கத் தொடங்குவது தண்ணீர் தேங்குகிற அந்தக் கழுத்தில்தான். நடுவதற்கு முன்பே ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடித்துவிட வேண்டும். கையில் காசு இருந்தால் 316 தர எவர்சில்வர் பைப் போடலாம். 304 தரம் கடல் காற்றில் ஆறேழு மாதத்தில் டீக்கறை பிடித்ததுபோல ஆகிவிடும்.

எண்ட் கேப்பின் நடுவில் கம்பம் நுழையும் அளவுக்கு ஓட்டை போடச் சொல்லுங்கள். பிளம்பரிடம் ஹோல் சா இருக்கும். கம்பத்தில் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் கிளாம்பை முடுக்கி, அதன்மேல் டியூபை நாலைந்து சுற்று சுற்றுங்கள். மூடி போட்ட பிவிசி பைப்பை மேலிருந்து கம்பத்தில் கோத்து இறக்கினால் அந்த டியூபின்மேல் வந்து உட்காரும். பைப்பின் கீழ் விளிம்பு 3 அடி உயரத்தில் நிற்கும். தட்டு கம்பத்தின் உச்சியில், 6 அடியில்.

அணில் கம்பத்தில் ஏறி, குழாய்க்குள் புகுந்து, மூடியில் முட்டி, வந்த வழியே இறங்கிவிடும். குழாயின் வெளிப்பக்கம் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு அகலம், நகம் பதியாத வழுவழுப்பு. 110 எம்எம் பைப் விலை குறைவுதான், ஆனால் ஒல்லி, அதை வாங்காதீர்கள். குழாய் லேசாக ஆடினால் நல்லது, எம்சீல் வைத்து இறுக்க வேண்டியதில்லை. ஆனால் மூடிக்கும் கம்பத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் குட்டி அணில் வெளியே தலை நீட்டிவிடும். அங்கே இன்னும் இரண்டு சுற்று டியூப்.

தொங்கவிடுபவர்களுக்கு

திண்ணையில் நெற்கதிர்க் குஞ்சமோ தட்டோ தொங்கவிடுபவர்கள், ஓட்டை விழுந்ததென்று ஒதுக்கிய 15 இன்ச் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு, தட்டுக்கு ஓரடி மேலே கம்பியில் கோத்துவிடுங்கள். கம்பி வழியாக இறங்குகிற அணில் அதன்மேல் கால் வைத்ததும் தாம்பாளம் சாயும், அணில் வழுக்கிக் கீழே விழும். சிரட்டை உதவாது, அதன் சொரசொரப்பு நகத்துக்குப் பிடிமானம். தூணிலிருந்தும் சுவரிலிருந்தும் 4 அடியாவது தள்ளித் தொங்க வேண்டும். திண்ணை குறுகலென்றால் இந்த முறையையே விட்டுவிடுங்கள்.

தொங்கவிட எவர்சில்வர் கம்பியே வேண்டும். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸ் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. தளர்ந்து வளையமாகும்போது குருவியின் கால் மாட்டிக்கொள்ளும். கிழிந்த மீன்வலையைக் கம்பத்தில் சுற்றிவைப்பது இந்தப் பக்கம் சகஜம். அதில் அணில், ஓணான், சாரைப்பாம்பு எல்லாம் சிக்கிச் சாகும். வழுக்கட்டும் என்று கம்பத்தில் தடவும் கிரீஸும் பழைய எஞ்சின் ஆயிலும் சிறகில் ஒட்டினால் பறவைக்குக் குளிர் தாங்காது, பறக்கவும் வராது. எலிக்கு வைக்கிற பசை அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேதுவுக்கு மண் சுமந்ததாகச் சொல்லும் அணிலை இந்த ஊரில் பொறி வைத்துப் பிடித்தால் முதலில் வீட்டுப் பெரியவர்களே சண்டைக்கு வருவார்கள்.

தீனி

நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, சூரியகாந்தி விதை, சோறு நான்கையும் நிறுத்துங்கள். அணிலை அழைப்பது இவைதான். தினையும் கம்பும் சம அளவு கலந்து காலை 50 கிராம், மாலை 4 மணிக்கு 50 கிராம் வையுங்கள். இருட்டுவதற்குள் தட்டு காலியாக வேண்டும், மிச்சமிருந்தால் ராத்திரி எலி வரும். ஐப்பசி மழையில் நனைந்த தானியம் ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும், அப்போது கால்வாசி போதும்.

மிளகாய் வேலை செய்யும். காரத்தை உணரும் நரம்பு அமைப்பு பறவைக்கு அணிலைப்போல இல்லை. கிளி மிளகாய் தின்பதைப் பார்க்காதவர் யார்? ஆனால் தூளைத் தூவாதீர்கள், காற்று அதை உங்கள் கண்ணுக்கே கொண்டுவரும். 25 காய்ந்த மிளகாயை அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறிய தண்ணீரில் ஒரு கிலோ தானியத்தைப் பிசறி வெயிலில் காயவையுங்கள். முண்டு மிளகாய்க்கு மணம்தான் அதிகம், இந்த வேலைக்குச் சம்பா மிளகாய் மேல். மழை பெய்தால் காரம் கழுவிக்கொண்டு போய்விடும். குழாய் போட்டவருக்கு இது தேவையே இல்லை.

சித்திரை, வைகாசியில் அணில் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தால் பெரும்பாலும் தாகம்தான். கம்பத்திலிருந்து தள்ளி, நிழலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

அப்படியும் ஏறினால்

அணில் எந்த வழியாக வருகிறது என்று ஊகிக்க வேண்டாம். சாயங்காலம் குழாயின் மூடிமேலும் தட்டின் விளிம்பிலும் கல்மாவுக் கோலப்பொடியை மெலிதாகத் தூவுங்கள். அரிசிமாவு வேண்டாம், எறும்பு வரும். மறுநாள் காலை, குருவிகள் ஓய்ந்ததும் பாருங்கள். மூடிமேல் கால்தடம் இல்லாமல் தட்டின் விளிம்பில் மட்டும் இருந்தால் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ குதிக்கிறது, கிளையை வெட்டுங்கள். மூடியிலும் தடம் இருந்தால் குழாயைத் தடவிப் பாருங்கள். கடல் காற்றின் உப்பும் புழுதியும் படிந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும், அணில் அதைப் பற்றித்தான் ஏறியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே வழுவழுப்பு திரும்பிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடையுங்கள், கச்சான் அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை. மணல் உரசி உரசிக் குழாய் நிரந்தரமாகச் சொரசொரத்துப் போயிருந்தால் துடைத்துப் பயனில்லை. அந்த இரண்டடித் துண்டை மட்டும் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். மூடி பழையதே இருக்கட்டும்.