மாடித் தொட்டியில் உகாய் மஞ்சளானபோது

எங்கள் திருவான்மியூர் பக்கம் போர் தண்ணீர் உப்பு, ரோஜாவெல்லாம் நுனி கருகிவிடும், உகாய்க்கு மட்டும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி தருகிற அதே பாலை நிலச் செடிதான். இலையைக் கசக்கினால் கடுகு நெடி. சிக்கல் ஐப்பசி மழையில்: தொட்டியில் தண்ணீர் தேங்கி இலை பழுத்துக் கொட்டியது. செடியைப் பெயர்த்து, கறுத்த வேரை நறுக்கி, அடித்துளைகளைப் பெரிதாக்கி, உடைத்த செங்கல் போட்டு, மணல் பாதி செம்மண் பாதியாகக் கலந்து நட்டு, தொட்டியையும் கல் மேல் ஏற்றி வைத்தேன். எரு கூடவே கூடாது என்பது என் கட்சி. தையில் துளிர்விட்டது.

அப்புறம், சால்மன் அரபு பட்டாம்பூச்சி இதில் முட்டையிடும், பச்சைப் புழு இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும். கீழ்வீட்டு அக்கா "மருந்து அடிக்கலையா?" என்கிறார். அடிக்கமாட்டேன். பழம் பிடித்தால் கொண்டைக்குருவிகள் பார்த்துக்கொள்ளும்.