காயத்துக்குப் பிறகு எப்போது களமிறங்குவது? ஐம்பது வயதிலும் நடக்க வேண்டிய கால்பந்து வீரருக்கான வழிகாட்டி

பலத்த காயம் பட்ட தொழில்முறைக் கால்பந்து வீரரிடம் எல்லாரும் முதலில் கேட்பது, மறுபடி எப்போது ஆடுவீர்கள் என்பதுதான். அதற்குப் போட்டி அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடாது. மூட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 2005இல் ஓய்வு பெற்ற அர்ஜென்டினாவின் கேப்ரியல் பட்டிஸ்டுட்டா, அதன்பின் சில அடி தூரத்தில் இருந்த கழிவறைக்குக்கூட நடந்து போக முடியாத அளவுக்குக் கணுக்கால் வலியில் தவித்ததையும், கால்களை வெட்டி எடுத்துவிடுமாறு மருத்துவரிடம் கெஞ்சியதையும் தாமே சொல்லியிருக்கிறார். ஆடிய காலத்தில் ஒத்திப்போட்ட கணக்கு அது.

முழங்காலில் ஏசிஎல் என்னும் தசைநார் அறுந்திருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்ததும் அந்தத் தசைநாரோடு நின்றுவிடாமல், மெனிஸ்கஸும் (மூட்டுக்குள் அதிர்வைத் தாங்கும் பிறை வடிவ மெத்தை) எலும்பு முனையை மூடிய குருத்தெலும்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். அறுந்த தசைநாரை உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த திசுவால் புதிதாக அமைக்க முடியும்; தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை. கிழிந்த மெனிஸ்கஸைத் தைப்பதா, வெட்டி நீக்குவதா என்பது அறுவை சிகிச்சைக்கு முன்பே நீங்கள் அறிந்து ஒப்புக்கொள்ள வேண்டிய முடிவு. வெட்டினால் விரைவில் பயிற்சிக்குத் திரும்பலாம், தைத்தால் பல மாதங்கள் பொறுக்க வேண்டும் என்பதால் அவசரத்தில் இருக்கும் அணிகளுக்கு முதல் வழி இனிக்கும். ஆனால் பிற்காலத்து மூட்டுத் தேய்மானத்தை எண்ணினால், தைக்கக்கூடிய கிழிசலைத் தைப்பதே சரி என்பது என் கருத்து.

அடுத்தது காத்திருப்பு. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாய விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2016இல் வெளியான நார்வே ஆய்வு காட்டியது. ஒட்டிய திசு முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகுதான் மெல்ல உறுதிப்படுகிறது. கால் நன்றாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றும் காலமும் அதுவே என்பதுதான் சங்கடம். பிரேசிலின் ரொனால்டோவுக்கு 1999 நவம்பரில் முழங்கால் சில்லுத் தசைநாண் பழுதானது. 2000 ஏப்ரலில் இத்தாலிய அணியான லாசியோவுக்கு எதிராகக் களமிறங்கிய சில நிமிடங்களில், யாரும் மோதாமலே அது முற்றிலும் அறுந்தது. 2002 உலகக் கோப்பையில் அவர் எட்டு கோல்கள் அடித்தார் என்பது உண்மை. அதைக் காட்டி யாரும் உங்களை அவசரப்படுத்த இடம் கொடுக்காதீர்கள்.

காலம் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். தொடைத்தசை வலுவும் ஒற்றைக்கால் தாவலின் தூரமும் மறுகாலோடு ஒப்பிடும்போது குறைந்தது தொண்ணூறு சதவீதம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். மாதக்கணக்கில் ஓய்ந்திருந்த நல்ல காலும் இளைத்திருக்கும் என்பதால், காயத்துக்கு முன் எடுத்த அளவுகள் இருந்தால் அவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தாவி இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடிகிறதா என்று வீடியோ எடுத்து, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். தூரத்தில் தேறியவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள் காலையில், காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் உட்புறத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் வழித்துவிட்டு, வெளிப்புறத்தை மேலிருந்து கீழாக வழியுங்கள். உட்புறக் குழியில் நீர் மெல்லப் பொங்கி வந்தால், நேற்றைய சுமையை மூட்டு தாங்கவில்லை என்று பொருள். வற்றும் வரை சுமையைக் கூட்டாதீர்கள்.

மூட்டை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுக்கொண்டு ஆடுவதை மறுத்துவிடுங்கள். வலி தெரியாத மூட்டு தேய்வதை நிறுத்துவதில்லை. கணுக்கால் காயத்தால் ஆட்டத்தை விட்ட நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன், தம் கடைசி ஆட்டத்தை 1993இல் ஆடியபோது வயது இருபத்தெட்டுதான்.

தலையில் அடிபட்டால் பேச்சே இல்லை, உடனே வெளியேறுங்கள். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது பொதுமக்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019இல் கண்டது.

ஸ்கேன் படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, போட்ட ஊசிகளின் விவரம் ஆகியவற்றின் நகல்களை அணி மாறும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மூட்டு மாற்றும் மருத்துவருக்கும், இழப்பீடு கோரும் வழக்கறிஞருக்கும் அவைதான் தேவைப்படும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தக் காயத்துக்கான சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.