கவுன் இருக்கிறது, டிக்கெட் இல்லை

போன சனிக்கிழமை டல்லாஸ் பக்கம் ஒரு சர்ச் ஹாலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நம்மூர்ப் பெண்கள் நாலு பேர், ஹைஸ்கூல் ப்ராம் விருந்துக்குப் போக வசதியில்லாத பெண்களுக்கு கவுன் சேர்க்கும் வேலையில் இந்த வருஷம்தான் இறங்கியிருக்கிறார்கள். "அக்கா, 140 கவுன் சேர்ந்துடுச்சு, வந்து பாருங்க." சாட்டினும் ஜிகினாவுமாக ஹால் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. "ப்ராம் டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டுறாங்க?" என்று கேட்டேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்விக்கு இப்படித்தான் முழித்தேன்.

ஹைஸ்கூல் முடிக்கும் பிள்ளைகளுக்கு ப்ராம் என்பது ஒரு ராத்திரி நடனவிருந்து. வசதியில்லாத வீட்டுப் பெண்களுக்கு இலவசமாக கவுன் கொடுப்பது இங்கே புதிதில்லை. சிகாகோவில் கிளாஸ் ஸ்லிப்பர் ப்ராஜெக்ட் 1999-லும், சான் ஃபிரான்சிஸ்கோவில் பிரின்சஸ் ப்ராஜெக்ட் 2002-லும் தொடங்கிவிட்டன. கறை படிந்ததை வாங்காதீர்கள், ஜிப்பைப் பாருங்கள் என்பதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்று இல்லை. நாம் தவறவிடும் மற்றதைச் சொல்கிறேன்.

பள்ளியின் பாக்கி லிஸ்ட்டைக் கேட்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

முதல் வருஷம் ஒரு பெண் வந்தாள். வெளிர்பச்சை கவுன், மூன்று அங்குலம் நீளம் கூடுதல். நானே மண்டி போட்டுக் குண்டூசி குத்தி, வீட்டுக்கு எடுத்துப்போய் ஓரம் மடித்துத் தைத்தேன். ப்ராம் முடிந்த திங்கட்கிழமை, அதே பிளாஸ்டிக் உறையோடு கவுனைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "வேற யாருக்காவது ஆகும், மிஸ்." திருப்பித் தர வேண்டாமென்று சொல்லித்தானே கொடுத்தோம் என்றேன். அவள் போகவே இல்லையாம். நான் குத்திய குண்டூசி ஒன்றை எடுக்காமல் விட்டிருந்தேன். அது இடுப்பில் அப்படியே இருந்தது. போட்டுப் பார்த்திருந்தால் குத்தியிருக்கும்.

காரணம், மதியச் சாப்பாட்டுக் கணக்கில் 112 டாலர் பாக்கி, தொலைந்துபோன ஒரு புத்தகத்துக்கு 38. பாக்கி தீராமல் ப்ராம் டிக்கெட் விற்பதில்லை என்பது அந்தப் பள்ளியின் விதி. இங்கே பல பள்ளிகளில் இது உண்டு. டிக்கெட் விலை அதற்குமேல் தனி.

ஏழைப் பிள்ளைக்குச் சாப்பாடு இலவசம்தானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 வரை சலுகை விலை. அதற்கு ஒரு டாலர் மேலே போனாலும் முழு விலை. எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகப் போடும் பள்ளிகள் தவிர மற்ற இடங்களில், பெரும்பாலான குடும்பங்கள் வருஷாவருஷம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அம்மா இரண்டு வேலை பார்க்கிற வீட்டில் அந்தத் தாள் பையிலேயே கசங்கிக் கிடக்கும், கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆக, யாருக்காக கவுன் சேர்க்கிறோமோ, பாக்கி லிஸ்ட்டில் இருப்பதும் பெரும்பாலும் அவர்களேதான்.

அந்த வருஷம் டிரை கிளீனிங்குக்கு மட்டும் 600 டாலர் செலவழித்திருந்தோம். அதில் நாலு பிள்ளைகளின் பாக்கியை அடைத்திருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? ஜனவரியிலேயே பள்ளி கவுன்சிலரை, அதாவது பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்பவரை, பாருங்கள். பெயர் கேட்காதீர்கள், தரவும் மாட்டார். "எத்தனை பிள்ளைகளுக்கு பாக்கி, மொத்தம் எவ்வளவு?" இது போதும். பணத்தைப் பள்ளியிலேயே கட்டிவிடுங்கள். யார் கட்டினார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. டிக்கெட்டையும் சீக்கிரமே வாங்கச் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் விலையை ஏற்றும் பள்ளிகள் நிறைய. வேறு பள்ளிப் பையனோ பெண்ணோ ஜோடியாக வருவதாக இருந்தால் அதற்குத் தனிப் படிவம், அதற்கும் கெடு உண்டு.

இதையெல்லாம் சனிக்கிழமை சொன்னபோது ஒரு பெண், "அப்போ கவுனைக் குறைச்சுக்கலாமா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம், குறைத்துக்கொள்ளுங்கள். 140 எதற்கு?

வருகிற அளவை வாங்கிக்கொள்வது

தானமாக வருவதில் பாதிக்குமேல் 2, 4, 6 என்ற சின்ன சைஸ்தான். வருகிற பெண்களுக்கு வேண்டியது 14, 16, 20. பெரிய சைஸ் கவுனுக்கென்று கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கால்களுக்குச் செருப்பும் அப்படித்தான். முஸ்லிம் பெண்களுக்குக் கைவைத்த, கழுத்து மூடிய கவுன் குறைந்தது பத்து தனியாக வேண்டும். தோழி கல்யாணத்துக்கு 1995-இல் உடுத்திய பீச் நிற கவுனைக் கொண்டுவருபவர்களிடம் நன்றி சொல்லி வாங்கி, ஓரமாக வையுங்கள்.

பையன்களை மறப்பது

எல்லோரும் மறக்கிறோம். அவர்கள் போடும் டக்ஸீடோ என்ற விருந்துக் கோட்-சூட்டை வாடகைக்கு எடுக்கவும் காசுதான்.

வருமானச் சான்று கேட்பது

கேட்காதீர்கள். பள்ளி மாணவர் அட்டை போதும்.

போட்டோ

எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கேட்டாலும்.

போக்குவரத்து

லிமோ என்ற நீளமான சொகுசுக் கார் வேண்டாம். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, அம்மா நைட் ஷிஃப்டில் இருக்கும்போது யார் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் அன்று காரோடு விழித்திருப்பார்கள். போன வருஷம் ஏழு நடை.

குண்டூசி

உடுப்பைக் கொடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள். எத்தனை குத்தினோமோ, அத்தனையும் டப்பாவுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.