கடையில் வாங்கின எலுமிச்சை விதையில் மரம் வளர்ப்பது

கடைப் பழத்தின் விதையைப் போட்டு மரமாக்க ஆசை இருந்தால் எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு விதைகளும் நன்றாகவே முளைக்கும். ஆனால் விதையில் வந்த சாத்துக்குடி காய்க்க ஏழெட்டு வருஷம் பிடிக்கும், சில மரம் அதற்கும் மேலே இழுக்கும். எலுமிச்சை நல்ல மண்ணில் நான்கு, ஐந்து வருஷத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் எலுமிச்சைத் தோட்டம் போடுகிறவர்களே பெரும்பாலும் விதைநாற்றுதான் வாங்கி நடுகிறார்கள். அதனால் இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம்.

நான் தருமபுரியில் ஜூஸ் கடை நடத்துகிறேன். வடிகட்டியில் தினமும் ஒரு கை விதை மிஞ்சும். காரிமங்கலம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற எலுமிச்சை மரங்கள் எல்லாம் அந்த வடிகட்டியில் இருந்து வந்தவைதான். கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள், “அக்கா, ஃப்ரிட்ஜ்ல வெச்ச பழத்தோட கொட்டை முளைக்குமா?” என்று கேட்பார்கள். “முளைக்கும் தம்பி, கொட்டை காயாம இருந்தா போதும்” என்பேன். குளிர்ச்சி எலுமிச்சை விதையைக் கெடுப்பதில்லை. காய்ந்துபோவதுதான் கெடுக்கும். நெல், ராகி விதை மாதிரி வெயிலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் உயிர் போய்விடும்.

விதையைப் பார்ப்பதற்கு முன்னால் பழத்தைப் பாருங்கள். எலுமிச்சை விதையில் இருந்து வருகிற கன்று பெரும்பாலும் தாய் மரத்தின் அச்சாகவே இருக்கும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதனால் எந்தப் பழத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, கிட்டத்தட்ட அதே பழம்தான் நாளைக்கு உங்கள் மரத்தில் தொங்கப் போகிறது. முழுதாக மஞ்சள் ஏறின, தோல் மெல்லிய, கையில் எடுத்தால் கனமாக இருக்கிற பழமாக வாங்குங்கள். பச்சைக் காயில் விதை முற்றியிருக்காது. தோலில் சொரசொரப்பாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் அது சொறி நோய் கண்ட மரத்துப் பழம், வேண்டாம். உழவர் சந்தையிலோ வாரச் சந்தையிலோ ஒரே கூறில் பல மரத்துப் பழம் கலந்திருக்கும். நான் பிழியும்போது எந்தப் பழம் நிறையச் சாறு விடுகிறதோ அதன் விதையை மட்டும் தனியாக எடுத்து வைப்பேன். வீட்டில் நீங்களும் அப்படியே செய்யலாம்.

கத்தியை நடுவில் இறக்கி ஒரே வெட்டாக வெட்டாதீர்கள், பாதி விதை துண்டாகிவிடும். தோலைச் சுற்றி மட்டும் கத்தியால் கீறிவிட்டு இரண்டு கையாலும் திருகினால் பழம் இரண்டாகப் பிரியும், விதை முழுசாக இருக்கும்.

எடுத்த விதையின் மேல் வழவழப்பு இருக்கும். கொஞ்சம் அடுப்புச் சாம்பல் அல்லது நைஸ் மணல் போட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். அடியில் தங்குகிற குண்டு விதை நல்லது, மிதக்கிற சூம்பல் விதையைத் தள்ளிவிடலாம். அன்றைக்கே போட்டுவிடுவது உத்தமம். முடியாவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு வாரம், பத்து நாள் வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

இனிதான் எனக்குப் பிடித்த வேலை. விதைக்கு மேலே வெளிர் நிறத்தில் ஒரு கெட்டித் தோல் இருக்கிறது. அதை உரித்துவிட்டால் முளை சீக்கிரம் வரும். விதையின் ஒரு முனை கூராகவும் இன்னொரு முனை மழுங்கலாகவும் இருக்கும். கூர் முனையில் நகத்தை வைத்து லேசாகக் கிள்ளினால் தோல் விரிந்து கொடுக்கும், அங்கிருந்து பிடித்து உரிக்க வேண்டும். உள்ளே மெல்லிசாகப் பழுப்பு நிறத்தில் இன்னொரு தோல் தெரியும். மழுங்கல் முனையில் அது கொஞ்சம் அடர்ந்த நிறமாக, தொப்பி போட்டது போல இருக்கும். அந்த உள்தோலைச் சீண்ட வேண்டாம். வேர் எப்போதும் கூர் முனையில் இருந்துதான் வரும், அதனால் அந்த முனையை அழுத்தி நசுக்கிவிடக் கூடாது. நிதானமாகச் செய்தால் குழந்தைகள்கூட உரித்துவிடுவார்கள். கமலா விதையையும் ஒன்று உரித்துப் பாருங்கள், எலுமிச்சையில் வெள்ளையாக இருக்கிற பருப்பு அதில் இளம்பச்சையாக இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு.

உரித்த விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு டிபன் பாக்ஸில் மூடி வைக்கலாம், நேராக மண்ணிலும் போடலாம். நம் ஊர் செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கின தொழுஉரம் ஒரு பங்கு. பால் பாக்கெட்டின் அடியில் நாலு ஓட்டை போட்டால் அதுவே நாற்றுப்பைதான். அரை அங்குல ஆழத்தில் விதையைப் படுக்கை வாக்கில் வைத்து மூடுங்கள். நிழலில் இருக்கட்டும். உரித்த விதை ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும், உரிக்காதது மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாக இருந்தால் முளைத்த கன்று தரையோடு அழுகிச் சாயும். மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

ஒரு விதை போட்ட இடத்தில் இரண்டு, சில சமயம் மூன்று கன்று வரும். எலுமிச்சை விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பதுதான் காரணம். ஒன்று மகரந்தச் சேர்க்கையால் வந்தது. மற்றவை தாய் மரத்தின் திசுவில் இருந்தே உண்டானவை, அதாவது தாயின் நகல். சாத்துக்குடியிலும் இப்படித்தான். பம்பளிமாஸ் விதையில் ஒரே ஒரு கருதான், அதனால் அதன் கன்று தாயைப் போல இருக்கும் என்று நம்பி நடக்கூடாது. நம் எலுமிச்சைக்கு வருவோம். நாலைந்து இலை வந்ததும் எல்லாக் கன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே உயரம், ஒரே இலை வாகில் இருக்கும். அவைதான் தாயின் நகல்கள். குட்டையாகவோ இலை மாறியோ தனித்து நிற்பதை எடுத்துவிடுங்கள். ஒரு பைக்கு ஒரு கன்று போதும். ஈரமான மண்ணில் மெதுவாகப் பிரித்தால் இரண்டாவதையும் வேறு பையில் பிழைக்க வைக்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எலுமிச்சை வளர்க்கிறவர்கள் தண்ணீர் விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பும் கடினமும் உள்ளது. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் இளம் இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது பெரும்பாலும் இரும்பு, துத்தநாகக் குறைவு, தண்ணீரைக் கூட்டினால் சரியாகாது. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் நாற்றுக்கு அதுதான் முதல் தரம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டில் அதை ஊற்றலாம். ஃப்ளோரைடு பயத்தில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்போம், அதன் கழிவுத் தண்ணீரை மட்டும் செடிக்குக் கொண்டு போகாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். வளர்ந்த செடிக்கு லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து, புதுத்தளிர் வந்த பிறகு மார்ச், ஜூலை, அக்டோபரில் தெளிக்கலாம். இலை வெளிறியது எதனால் என்று தெளிவாகத் தெரியாவிட்டால் இரண்டு கொத்து இலையை எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள்.

புழு கட்டாயம் வரும். பறவை எச்சம் மாதிரி இலை மேல் கிடப்பது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குட்டிப் புழு, பெரிதானால் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். சின்னக் கன்றை இரண்டே நாளில் மொட்டையாக்கிவிடும், அதனால் காலையில் ஒரு சுற்று பார்த்துக் கையால் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதிலும் பாருங்கள், அதே பூச்சி அங்கேயும் முட்டை வைக்கும். இலையில் வெள்ளிக் கோடு ஓடினால் இலைத்துளைப்பான். தளிர் விடும்போது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் கட்டுக்குள் இருக்கும்.

கன்று ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்த பிறகு நிலத்தில் வையுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் நடலாம், ஆடி மழை பிடித்த பிறகு நட்டால் தண்ணீர்ச் செலவு குறைவு. குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் 75 சென்டிமீட்டர். மரத்துக்கு மரம் 5 முதல் 6 மீட்டர் இடைவெளி. மேல்மண்ணோடு தொழுஉரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். பாத்தி கட்டும்போது தண்டை ஒட்டித் தண்ணீர் நிற்காதபடி நடுவில் மேடாக்கி, சுற்றிலும் வட்டமாக விடுங்கள். தண்டு நனைந்தே இருந்தால் பிசின் வடிந்து பட்டை அழுகும்.

விதைக்கன்றில் முள் நீளமாக இருக்கும், மரம் முதிர முதிரக் குறையும். முள்ளுக்குப் பயந்தோ அழகுக்காகவோ நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் காய்ப்பு தள்ளிப்போகும். தரையை ஒட்டின பக்கக் கிளையையும் காய்ந்ததையும் மட்டும் எடுத்தால் போதும். தொட்டியிலேயே வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். தொட்டி பெரியதாக இருக்கட்டும், காய்க்க இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.

சாத்துக்குடிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் மொட்டுக் கட்டின கன்றாக, அதாவது வேறொரு அடிச்செடியில் சாத்துக்குடி மொட்டை ஒட்டி வளர்த்த கன்றாக, நர்சரியில் வாங்கிக் கொடுங்கள், சீக்கிரம் காய்க்கும். வாங்கும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பது அடிச்செடியின் கிளை, வந்த உடனே கிள்ளிவிட வேண்டும்.