அரசு அலுவலகத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்க வழக்கறிஞரைத் தேடுவது எப்படி

பட்டா மாறுதல் மறுக்கப்பட்டாலும் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்பட்டாலும், நம்மில் பலர் முதலில் செய்வது, நல்ல வக்கீல் யாரையாவது தெரியுமா என்று உறவினரிடம் விசாரிப்பதுதான். அதற்கு முன் வழக்கு எந்த மன்றத்துக்குப் போகும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் மன்றம் மாறினால் பெரும்பாலும் வழக்கறிஞரும் மாற வேண்டியிருக்கும்.

பட்டா தொடர்பாக வட்டாட்சியர் பிறப்பித்த உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் செய்ய 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டம் வழி செய்கிறது. இதற்குச் சிட்டா, அ பதிவேடு, புலப்படம் ஆகிய நில ஆவணங்களைப் படித்துப் பழகிய உள்ளூர் வழக்கறிஞரே போதும். மத்திய அரசு ஊழியரின் பணிப் பிரச்சினை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்கும், மாநில அரசு ஊழியருடையது உயர் நீதிமன்றத்துக்கும் செல்லும். தென் மாவட்டங்களோடு திருச்சி, தஞ்சாவூர், கரூர் ஆகியவற்றுக்கும் 2004 முதல் மதுரைக் கிளைதான் உயர் நீதிமன்றம் என்பதால், அந்த மாவட்டத்தவர் சென்னையில் ஆள் தேட வேண்டியதில்லை.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஆகவே இணையத்தில் முதலில் வரும் பெயர் திறமைக்குச் சான்றாகாது. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரை இட்டுத் தேடினால், அவர் நடத்தும் வழக்குகளில் உங்கள் துறையை எதிர்த்தவை உண்டா என்று பார்க்கலாம்; இது பரிந்துரைகளைவிட நம்பகமான அளவுகோல் என்பது என் கருத்து. தற்போது அரசு வழக்கறிஞராக இருப்பவர் அரசுக்கு எதிராக உங்களுக்காக வாதாட முடியாது.

முதல் சந்திப்புக்கு உத்தரவின் நகல், அது கையில் கிடைத்த தேதியைக் காட்டும் அஞ்சல் உறை, நீங்கள் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். காலக்கெடு கணக்கிடப்படுவது பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்துதான். மேல்முறையீட்டு வழி இருக்கும்போது ரிட் மனு, அதாவது அரசின் உத்தரவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் மனு, நிற்குமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் காரணத்தோடு பதில் சொல்பவரை நம்பலாம். உங்கள் மனுவைப் பரிசீலிக்குமாறு மட்டும் அதிகாரிக்கு நீதிமன்றம் உத்தரவிட்டால், நீங்கள் மறுபடியும் அதே மேசையின் முன்தான் நிற்பீர்கள். எனவே அந்த உத்தரவுக்குப் பிறகு என்ன செய்வார் என்பதையும் விசாரியுங்கள். அதிகாரி உத்தரவை மதிக்காவிட்டால், அவமதிப்பு மனுவை ஓராண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கட்டணத்தையும் நீதிமன்றச் செலவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் தருகிறேன் என்று பேசுவதற்கு விதிகளில் இடமில்லை. உங்களுக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் படிவமான வக்காலத்தில், அது நிரப்பப்படாமல் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ விண்ணப்பிக்கும் முறையைக் கேட்டறியலாம்.