கண்புரை அறுவைக்குப் பிறகு கருவிழி வீங்கினால்: வீட்டில் செய்ய வேண்டியவை

கட்டைப் பிரித்த பிறகும் எல்லாம் பனி மூடியதுபோல் தெரிந்தால், வைத்த லென்ஸில்தான் கோளாறு என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். முதல் சில நாட்களில் பெரும்பாலும் காரணம் கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவில், நீர் கோத்திருப்பதுதான்.

கருவிழியின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் உள்ளன. கருவிழிக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பவை அவைதான். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2000 முதல் 3000 வரை இருக்கும். அழிந்த செல்களுக்குப் பதிலாகப் புதியவை முளைப்பதில்லை. மிஞ்சியவை விரிந்து இடத்தை நிரப்பும். முற்றிய புரையை உடைக்க அல்ட்ராசவுண்ட் அதிக நேரம் தேவைப்படும்போது இவை அடிபடும். ஃபூக்ஸ் டிஸ்ட்ரோபி என்ற கருவிழி நோய் முன்பே இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

படி 1: மங்கலைக் குறித்து வையுங்கள்

மற்றக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். எழுந்தவுடன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. காலையில் மங்கலாகவும் நேரம் போகப்போகத் தெளிவாகவும் இருந்தால் அது நீர்க்கோப்பின் குணம்: இமை மூடித் தூங்கும்போது கருவிழியின் ஈரம் ஆவியாவதில்லை. நாளுக்கு நாள் சிறிதாவது தேறுகிறதா என்பதுதான் முக்கியம். இந்தக் குறிப்பு மருத்துவருக்கு மிகவும் உதவும்.

படி 2: சொட்டு மருந்தை ஒழுங்காக விடுங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால்போல் வெள்ளையாக இருக்கும் ஸ்டீராய்டு மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் மருந்து சரியான அளவில் போய்ச் சேராது. கீழிமையை மெல்ல இழுத்து, முனை கண்ணிலோ இமைமயிரிலோ படாமல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். கண்ணின் மேல் அழுத்தவே கூடாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. களிம்பு இருந்தால் கடைசியில்.

கண் தெளிந்துவிட்டது என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். உள் அழற்சி திரும்பினால் வீக்கமும் திரும்பும். நீங்களாக நீட்டிக்கவும் வேண்டாம். சிலருக்கு அதனாலேயே கண் அழுத்தம் ஏறும்.

படி 3: உப்புச் சொட்டு

5% சோடியம் குளோரைடு மருந்து, கருவிழியின் மேலடுக்கிலிருந்து நீரை இழுக்கும். விட்டவுடன் எரியும், அது இயல்பு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் உப்பைக் கரைத்து விடுவது தொற்றை வரவழைக்கும்.

படி 4: காத்திருக்கக் கூடாதவை

வலி கூடுவது, சிவப்பு அதிகமாவது, நேற்றைவிடப் பார்வை குறைவது, சீழ், தலைவலியோடு வாந்தி. இவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும், உடனே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டிருந்தால் சில மணி நேரத் தாமதம்கூடப் பார்வையைப் பறிக்கும். கண் அழுத்தம் திடீரென ஏறினாலும் இப்படித்தான் வலியும் வாந்தியும் வரும். அதுவும் கருவிழியை வீங்க வைக்கும்.

தெளியாவிட்டால்

பெரும்பாலான வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். வடியாவிட்டால், உள்சவ்வான டெசிமே படலம் பிரிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அப்படியானால் கண்ணுக்குள் காற்றையோ வாயுவையோ செலுத்தி ஒட்ட வைக்க முடியும். மாதங்கள் கடந்தும் நீர் வடியாமல், மேற்பரப்பில் கொப்புளம் எழும்பி உடைந்தால் கடுமையாக வலிக்கும். அப்போது தற்காலிக நிவாரணம் பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ். நிரந்தரத் தீர்வு, தானமாகக் கிடைத்த கருவிழியின் உள்ளடுக்கை மட்டும் பொருத்தும் டிமெக் அல்லது டிசெக் அறுவை. முழுக் கருவிழியையும் மாற்ற வேண்டிய தேவை இதனால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது கண்ணுக்குத் தேதி குறிக்குமுன், செல்களை எண்ணும் ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பி பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். முதல் கண்ணில் கருவிழி வீங்கியதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்ப அறுவையைத் திட்டமிடுவார்கள்.